அஞ்சாவது சாம்பிளைத் தூக்கிப் போட்டுடாதீங்க

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ணிக்கிட்டு இருக்கிற யாராவது இதைப் படிக்கிறீங்கன்னா, ஒரு கேள்வி. உங்ககிட்ட அஞ்சு ரீடிங் இருக்கு. நாலு பக்கத்துல பக்கத்துல வருது. ஒண்ணு மட்டும் எங்கேயோ போய் நிக்குது. என்ன பண்ணுவீங்க?

பதில் எனக்குத் தெரியும், ஏன்னா நாங்களும் அதைத்தான் பண்ணோம். அந்த ஒண்ணுக்கு 'அவுட்லையர்'னு பேர் வெச்சோம். எக்செல்ல அந்த வரியை டெலீட் பண்ணோம். மிச்ச நாலுக்கு ஆவரேஜ் போட்டோம். எர்ரர் பார் அழகா, சின்னதா வந்துடுச்சுன்னு மூணு பேரும் டீ குடிக்கப் போனோம்.

மத்த உலோகங்கள்ல இது எவ்வளவு பெரிய தப்புன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. மேக்னீசியத்துல இது பெரிய தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மேக்னீசியத்தோட அரிமானத்தை டாஃபெல் வளைவுல இருந்து வர்ற ஒரே ஒரு எண்ணை வெச்சு எழுதுறதை நாம நிறுத்தணும். ஹைட்ரஜன் வாயுவைப் பிடிச்சு அளக்காம, மேற்பரப்பைக் கண்ணால பார்க்காம, 'அரிமானத் தடை மேம்பட்டது'ன்னு யாரும் எழுதக் கூடாது.

எங்க ப்ராஜெக்ட்டைப் பத்தி முதல்ல சொல்லிடுறேன். ஏஇசட்31 என்கிற மேக்னீசியக் கலவைத் தகடு. மூணு சதவீதம் அலுமினியம், ஒரு சதவீதம் துத்தநாகம், மிச்சம் பெரும்பாலும் மேக்னீசியம். அதை ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் ப்ராசஸிங் பண்ணோம். அதாவது, வேகமாகச் சுழல்கிற கெட்டியான ஸ்டீல் முனையைத் தகட்டுக்குள்ள இறக்கி, உலோகத்தை உருகவிடாமலேயே கிண்டி விடுறது. ஜூனியர்ஸ் கேட்டா கேசரி கிண்டுற மாதிரின்னு சொல்லுவோம். இப்படிக் கிண்டினா உலோகத்தோட மணிகள் பொடிசாகும். பொடிசானா அரிமானம் குறையும்னு நிறைய பேப்பர் இருக்கு. ரிப்போர்ட் முன்னுரையில வழக்கமா வர்ற வரியும் இருந்துச்சு: 'உடலுக்குள் கரையும் எலும்புத் தகடுகளுக்கு இது எதிர்காலத்தில் பயன்படலாம்.' அந்த வரியை நாங்க எழுதல. சீனியர் ரிப்போர்ட்ல இருந்து வந்தது. அவங்களுக்கு அவங்க சீனியர்கிட்ட இருந்து வந்திருக்கும்.

எங்க காலேஜ்ல பொட்டென்ஷியோஸ்டாட் கிடையாது. வெளியில ஒரு லேப்ல சாம்பிளுக்கு இவ்வளவுன்னு காசு கட்டி அனுப்பினோம். ப்ராசஸ் பண்ணினது அஞ்சு, பண்ணாதது அஞ்சு. பத்து வளைவும் மெயில்ல வந்துச்சு. பண்ணாததுக்கு சராசரி ஆண்டுக்கு 0.4 மி.மீ. பண்ணினதுல நாலு சமத்தா 0.2 மி.மீ. பக்கத்துல இருந்துச்சு. அஞ்சாவது மட்டும் ரம்பப் பல்லு மாதிரி ஏறி இறங்கி, நாலைந்து மடங்கு அதிகமா ஒரு எண்ணைக் காட்டுச்சு. அதைத்தான் டெலீட் பண்ணோம். 'பாதியாகக் குறைந்தது'ன்னு எழுதி ஒரு கான்ஃபரன்ஸுக்கு அப்ஸ்ட்ராக்ட்டும் அனுப்பியாச்சு.

சோதனை முடிஞ்ச துண்டுகள் ஒரு கவர்ல திரும்பி வந்துச்சு. ஒரு ராத்திரி ஹாஸ்டல்ல சும்மா இருக்கமாட்டாம, மெஸ்ல இருந்து உப்பை எடுத்துத் தண்ணியில கரைச்சு, எவர்சில்வர் டம்ளர்ல ஒரு துண்டைப் போட்டேன். சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்த மாதிரி ஒரே நுரை. டம்ளர் சுவர்ல இருந்தும் குமிழி வந்துச்சு. ரூம்மேட் எட்டிப் பார்த்துட்டு 'டேய், அந்த டம்ளர்லதான் நான் காலையில காபி குடிக்கணும்'னான். உடனே கண்ணாடி பாட்டிலுக்கு மாத்தினேன். நுரை அடங்கிடுச்சு. அங்கொண்ணு இங்கொண்ணா சின்னக் குமிழிகள் மட்டும்.

அப்ப எனக்கு அது வேடிக்கையா இருந்துச்சு. அந்த டம்ளர்ல நடந்தது 100 வருஷத்துக்கு முன்னாடி ஒரு மனுஷனோட காலுக்குள்ள நடந்திருக்குன்னு பின்னாடிதான் படிச்சேன். அதைப் பிறகு சொல்றேன்.

கண்ணாடி பாட்டில்ல ஒவ்வொரு துண்டா போட்டுப் பார்த்தேன். நாலு துண்டும் ஒரே மாதிரி. டெலீட் பண்ணின அஞ்சாவது துண்டுல மட்டும் ஓரிடத்துல இருந்து நூல் பிடிச்ச மாதிரி குமிழி வரிசையா மேல ஏறிக்கிட்டே இருந்துச்சு. காலையில பார்த்தா அந்த இடத்துல ஒரு கறுப்பு வட்டம், பொட்டு அளவுக்கு. சாயங்காலம் அஞ்சு ரூபாய்க் காசு அளவுக்கு விரிஞ்சிருந்துச்சு. நாங்க வளைவுல பார்த்த ரம்பப் பல்லுதான் கண் முன்னாடி குமிழி விட்டுக்கிட்டு இருந்துச்சு.

தண்ணியில இதுக்கு நடக்கிறது எளிமையான வேதியியல்தான். மேக்னீசியம் எலெக்ட்ரானை விடுது. தண்ணி அதை வாங்கிக்கிட்டு ஹைட்ரஜனா பிரியுது. மிச்சம் மேக்னீசியம் ஹைட்ராக்சைடு, நம்ம வீட்டு ஜெலுசில் மாதிரி ஆன்டாசிட்கள்ல இருக்கிற வெள்ளைப் பொருள். இரும்பு துருப்பிடிக்கக் காத்து வேணும். மேக்னீசியத்துக்கு அது பெரிசா தேவையில்லை, தண்ணியே போதும். அதோட திட்ட மின்னழுத்தம் மைனஸ் 2.37 வோல்ட். நாம கட்டுமானத்துக்குப் பயன்படுத்துற உலோகங்கள்ல இதுதான் ரொம்ப அவசரக்காரன்.

ஒரு அணு மேக்னீசியம் போனா ஒரு மூலக்கூறு ஹைட்ரஜன் வரும். கணக்குப் போட்டுப் பாருங்க: 24.3 கிராம் மேக்னீசியத்துக்கு, அறை வெப்பநிலையில சுமார் 24.5 லிட்டர் வாயு. அதாவது 1 மில்லிகிராம் உலோகம் கரைஞ்சா ஏறத்தாழ 1 மி.லி. ஹைட்ரஜன். இவ்வளவு சுளுவான கணக்கை எந்த உலோகமும் நமக்குத் தராது. எடை பார்க்க நாலு தசம இடம் காட்டுற தராசு வேணும். இதுக்கு ப்ளஸ் டூ டைட்ரேஷன் பண்ணின ப்யூரெட் போதும். ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு நாளைக்கு 1 மி.லி. வந்தா, ஆண்டுக்குச் சுமார் 2.1 மி.மீ. தேய்மானம். அவ்வளவுதான் ஃபார்முலா.

இனி விசித்திரமான விஷயம். துத்தநாகத்தையோ இரும்பையோ அமிலத்துல போட்டு, வெளியில இருந்து மின்னோட்டம் கொடுத்து 'கரை, கரை'ன்னு நேர்முனைப் பக்கம் தள்ளினா, உலோகம் வேகமா கரையும், அதன் மேல வர்ற ஹைட்ரஜன் குறையும். பாடப்புத்தகத்துல அப்படித்தான். மேக்னீசியத்தைத் தள்ளினா, ஹைட்ரஜனும் சேர்ந்து கூடும். 1866-லேயே பீட்ஸ் என்கிற ஜெர்மன் இயற்பியலாளர் இதைப் பார்த்துட்டார். ஏன்னு விளக்கத்தான் 100 வருஷத்துக்கு மேல சண்டை. 1954-ல அமெரிக்காவுல ஒரு குழு, மேக்னீசியம் முதல்ல ஒத்தை மின்னூட்ட அயனியா வெளியே வந்து, பிறகு தண்ணியோட வினைபுரியுதுன்னு சொன்னாங்க. அழகான விளக்கம், கணக்கும் ஒத்துப்போச்சு. ஆனா அந்த ஒத்தை மின்னூட்ட அயனியை யாரும் நேரடியா பிடிச்சுக் காட்டல.

எனக்குப் பிடிச்ச விளக்கம் வேற. அது கண்ணால பார்த்ததுல இருந்து வந்தது. வேல்ஸ்ல ஸ்வான்சீ பல்கலைக்கழகத்துல வில்லியம்ஸ், மெக்மர்ரே ரெண்டு பேரும் 2008-ல ஒரு வேலை பண்ணாங்க. உப்புக் கரைசல்ல கிடக்கிற மேக்னீசியத்து மேல ஒரு நுண்ணிய ஊசியை அதிர விட்டு, எந்த இடத்துல இருந்து மின்னோட்டம் வெளியே போகுது, எங்கே உள்ளே வருதுன்னு வரைபடம் போட்டாங்க. முதல்ல ஒரு புள்ளியில அரிமானம் ஆரம்பிக்குது. அது கறுப்பு வட்டமா விரியுது. உலோகம் கரையுறது வட்டத்தோட விளிம்புல மட்டும். நடுவுல ஏற்கெனவே அரிச்சு முடிஞ்ச கறுப்புப் பகுதி என்ன பண்ணுதுன்னா, எலெக்ட்ரானை வாங்கி ஹைட்ரஜன் விடுற எதிர்முனையா மாறிடுது. காட்டுத்தீ மாதிரி. நெருப்பு விளிம்புல இருக்கும், நடுவுல கரி. ஆனா இங்க அந்தக் கரியே விளிம்புல இருக்கிற தீயை ஊதி விடுது. அரிக்க அரிக்க எதிர்முனையோட பரப்பு கூடிக்கிட்டே போகும், ஹைட்ரஜனும் கூடும். என் பாட்டில்ல பொட்டு காசான கதை இதுதான்.

(ஒரு குறிப்பு: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல வர்ற குழி அரிமானத்தையும் இதையும் ஒண்ணா நினைக்காதீங்க. அங்க குழிக்குள்ள அமிலத்தன்மை ஏறி, குழி தன்னைத்தானே ஆழப்படுத்திக்கும். இங்க அக்கம்பக்கம் காரமாகும், சேதம் பெரும்பாலும் அகலமா பரவும். நான் இங்கிலீஷ் மீடியம். 'குழி அரிமானம்'னு ஒரு சொல் இருக்கிறதே இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்தப்பதான் தெரிஞ்சது. நல்ல சொல். ஆனா மேக்னீசியத்துக்குப் 'படை அரிமானம்'னு வெச்சா இன்னும் பொருத்தமோன்னு தோணுது, தோல்ல வர்ற படை மாதிரி.)

இப்ப டாஃபெலுக்கு வாங்க. அதுல என்ன பண்றோம்? மின்னழுத்தத்தை ரெண்டு பக்கமும் கொஞ்சம் தள்ளி, மின்னோட்டத்தை லாக் அளவுல வரைஞ்சு, நேர்க்கோடு வர்ற பகுதியை நீட்டி, ரெண்டு கோடும் வெட்டுற இடத்தைப் பிடிக்கிறோம். அங்க கிடைக்கிற மின்னோட்டத்தை மி.மீ.யா மாத்துறோம். சதுர செ.மீ.க்கு 1 மில்லிஆம்பியர்னா ஆண்டுக்கு 22.85 மி.மீ. இந்த வித்தை வேலை செய்யணும்னா, தள்ளும்போது மேற்பரப்பு மாறாம இருக்கணும், ரெண்டு வினையும் தனித்தனியா ஒழுங்கா நடந்துக்கணும். மேக்னீசியம் ரெண்டையும் மீறுது. நேர்முனைப் பக்கம் தள்ளின அந்த நிமிஷமே ஹைட்ரஜன் கூடுது. நேர்க்கோடே வராது. அப்புறம் நாம மவுஸைப் பிடிச்சு எந்த இடத்துல கோடு போடுறோமோ அதுதான் விடை. நம்பலைன்னா ஒரே வளைவை உங்க டீம்ல மூணு பேரும் தனித்தனியா ஃபிட் பண்ணிப் பாருங்க. எங்களுக்கு மூணு விடை வந்துச்சு. எங்களுக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை இது. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்து அட்ரென்ஸ் குழு, டாஃபெல் எண்ணும் எடை இழப்பும் மேக்னீசியத்துல ஒத்துப்போகலைன்னு வருஷக்கணக்கா எழுதிக்கிட்டு இருக்காங்க.

அதைவிட மோசம், நேரம். லேப்ல சாம்பிளைக் கரைசல்ல போட்டு அரை மணி நேரத்துல வளைவை எடுத்துடுவாங்க. கறுப்பு வட்டம் பல சமயம் அதுக்கப்புறம்தான் கிளம்பும். நாம கல்யாண மண்டபத்துக்குக் காலையில ஆறு மணிக்குப் போய் எட்டிப் பார்த்துட்டு, கூட்டமே இல்லைன்னு எழுதிட்டு வர்றோம்.

இன்னொண்ணு, பரப்பால வகுக்கிறது. சராசரி ஆண்டுக்கு 0.2 மி.மீ.ன்னு வெச்சுக்குவோம். அந்த அரிமானம் முழுக்கப் பரப்புல நூத்துல ஒரு பங்கு இடத்துல மட்டும் நடந்தா, அந்த இடத்துல ஆண்டுக்கு 20 மி.மீ. வேகம். நம்ம தகடோட தடிமனே 3 மி.மீ. சராசரியைப் பார்த்தா 15 வருஷம் வரும். ஓட்டை விழ ரெண்டு மாசம் போதும். எலும்பைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற தகடு உடையப் போறது சராசரியில இல்லை, அந்த ஓட்டையில.

சரி, அஞ்சாவது துண்டு மட்டும் ஏன் அப்படி? நாங்க ஸ்டிர் பண்ணின ஸ்டீல் முனையைச் சந்தேகப்பட்டோம், உப்பைச் சந்தேகப்பட்டோம், வெளி லேப்பைக்கூடத் திட்டினோம். விடை சொன்னது எங்க மெட்டலர்ஜி லேப் அண்ணன். 'நீங்க பாலிஷ் பண்ணின அன்னிக்கு, அந்த டிஸ்க்ல செகண்ட் இயர் பசங்க மைல்ட் ஸ்டீல் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்களே'ன்னார். கடைசித் துண்டுக்குப் புது எமரி ஷீட் தீர்ந்து போச்சு. கிடந்த பழைய ஷீட்டுல தேய்ச்சோம். ஹார்ட்வேர் கடையில உப்புத்தாள்னு கேப்போமே, அதேதான்.

இரும்பு மேக்னீசியத்துல கரையாதுன்னே சொல்லலாம். தனித் துகளா உட்கார்ந்திருக்கும். அதோட மேல ஹைட்ரஜன் ரொம்ப சுலபமா உருவாகும். அதனால ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி எதிர்முனை. 1942-ல டவ் கெமிக்கல் கம்பெனியில ஹனவால்ட்டும் கூட இருந்தவங்களும் இதை அளந்து சொன்னாங்க. தூய மேக்னீசியத்துல இரும்பு எடையில 10 லட்சத்துல 170 பங்கு தாண்டினா அரிமான வேகம் திடீர்னு எகிறும். நிக்கலுக்கு எல்லை இன்னும் ரொம்பக் கம்மி. இதுல கொடுமை என்னன்னா, மேக்னீசியத்தை உருக்குற பாத்திரமே பெரும்பாலும் ஸ்டீல்தான். அதனாலதான் மாங்கனீசைச் சேர்த்து இரும்பை அடக்குறாங்க. அப்படிச் சுத்தம் பண்ணி வந்த ஏஇசட்91டி கலவை, உப்புப் பனிச் சோதனையில வழக்கமான அலுமினிய வார்ப்புகளோட போட்டி போடுற அளவுக்கு நின்னுச்சு. 'மேக்னீசியம்னாலே அரிச்சிடும்'னு நாம சொல்றதுல பாதி பழி, அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற இரும்புக்குப் போகணும்.

அண்ணன் சொன்னதைச் சோதிச்சோம். ப்ராசஸ் பண்ணாத தகட்டுல இருந்து ரெண்டு துண்டு. ஒண்ணு புது ஷீட்ல, இன்னொண்ணு ஸ்டீல் தேய்ச்ச ஷீட்ல. தூண்டில் நரம்புல கட்டித் தொங்க விட்டு, மேல புனலைக் கவுத்து, புனல் மேல ப்யூரெட்டைக் கவுத்து வெச்சோம். 24 மணி நேரத்துல புதுசுல 5 மி.லி. பழசுல 41. பிறகு அதே மாதிரி அழுக்கு ஷீட்ல தேய்ச்ச இன்னொரு துண்டை, நீர்த்த அசிட்டிக் அமிலத்துல ரெண்டு நிமிஷம் முக்கி, மேல்தோலை உரிச்சுட்டுப் போட்டோம். 6 மி.லி.

'பார்த்தியா, அப்ப அது அழுக்கு சாம்பிள்தானே, தூக்கிப் போட்டது சரிதானே'ன்னு நீங்க கேப்பீங்க. என் டீம்மேட்டும் கேட்டான். அங்கதான் எங்களுக்கு வலிச்சது. புது ஷீட்ல மட்டும் தேய்ச்சு, ப்ராசஸ் பண்ணினது மூணு, பண்ணாதது மூணு, 72 மணி நேரம் வெச்சோம். பண்ணினதுல 13, 16, 19 மி.லி. பண்ணாததுல 14, 17, 18. வித்தியாசமே இல்லை. ஆண்டுக்கு 1 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல, ரெண்டுக்குமே. டாஃபெல் சொன்ன 0.4-உம் இல்லை, 0.2-உம் இல்லை. நாங்க ஒரு செமஸ்டர் முழுக்கக் கிண்டின கேசரியால வந்த மாற்றத்தைவிட, ஒரு எமரி ஷீட்டால வந்த மாற்றம் பல மடங்கு பெரிசு. அந்த அழுக்கு ஷீட் தற்செயலா ப்ராசஸ் பண்ணாத பக்கம் போயிருந்தா? 'அரிமானம் பத்து மடங்கு குறைந்தது'ன்னு எழுதி, பெஸ்ட் பேப்பர் வாங்கியிருப்போம். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. நாங்களும்தான்.

இனி அந்த 100 வருஷத்துக் கதை. பெல்ஜியத்துல ஆல்பன் லம்போட்னு ஒரு அறுவைச் சிகிச்சை நிபுணர். எலும்பு முறிவுக்குத் தகடு வெச்சுக் கட்டுற முறையை வளர்த்தவர்கள்ல முக்கியமானவர். 1900-களின் தொடக்கத்துல, 17 வயசுப் பையனோட முழங்காலுக்குக் கீழ உடைஞ்ச எலும்புக்கு மேக்னீசியத் தகடு வெச்சார். அதை இறுக்கினது ஸ்டீல். தோலுக்கடியில வாயு நிறைஞ்சு வீங்கி, எட்டு நாள்ல தகடு துண்டு துண்டா சிதைஞ்சு போச்சு. எவர்சில்வர் டம்ளர்ல நான் வேடிக்கை பார்த்தது இதே ஜோடிதான்: மேக்னீசியமும் ஸ்டீலும், நடுவுல உப்புத் தண்ணி. நம்ம உடம்பும் உப்புத் தண்ணிதானே. ஒரு கிராம் மேக்னீசியம்னா ஒரு லிட்டர் வாயு. மெதுவா வந்தா உடம்பு உள்வாங்கிக்கும். வேகமா வந்தா போக இடம் இல்லை. அந்தப் பையனுக்கு என்னைவிட நாலு வயசு கம்மி.

லம்போட் தோத்துப்போன வேலை இன்னிக்கு நடக்குது. 2013-ல ஜெர்மனியில செஞ்ச மேக்னீசியக் கலவைத் திருகுக்கு ஐரோப்பாவோட சிஇ அனுமதி கிடைச்சது. 2016-ல இதய ரத்தக்குழாய்க்குக் கரையும் மேக்னீசிய ஸ்டென்ட்டுக்கும் கிடைச்சது. எலும்பு கூடின பிறகு தகட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டாம்னா, அது எவ்வளவு பெரிய விஷயம். அவங்க அந்த இடத்துக்கு வந்தது வாயுவோட வேகத்தையும் கலவையோட சுத்தத்தையும் கட்டுக்குள்ள கொண்டு வந்ததால. ஆனா நாம அதே 'எலும்புத் தகடு' வரியை முன்னுரையில வெச்சுக்கிட்டு, வாயுவை ஒரு நாள்கூட அளக்கல. (சேலத்துப் பசங்களுக்கு: நம்ம ஊர் வெள்ளைக்கல் மேக்னசைட்தான், மேக்னீசியம் கார்பனேட். பெரும்பாலும் உலைச் செங்கல்லுக்குப் போகுது. பஸ்ல போகும்போது அந்த வெள்ளைக் கரட்டைப் பார்த்து வளர்ந்துட்டு இந்த உலோகத்தைப் பத்தி ஃபைனல் இயர்லதான் தெரிஞ்சுக்கிட்டேன்.)

'யூஜி ப்ராஜெக்ட்டுக்கு இவ்வளவு சீன் வேணுமா'ன்னு ஒரு ஃப்ரெண்ட் கேட்டான். நியாயமான கேள்விதான். எங்க பேப்பரைப் படிச்சு யாரும் யாருக்கும் தகடு வெக்கப் போறதில்லை. ஆனா அதைப் படிச்சு அடுத்த வருஷம் ஒரு ஜூனியர் டீம், 'ஏற்கெனவே பாதியாகக் குறைந்தது என நிறுவப்பட்டுள்ளது'ன்னு எழுதும். அதை இன்னொருத்தர் ரிவ்யூ பேப்பர்ல டேபிளா போடுவார். எனக்கு எலும்புத் தகடு வரி எங்கிருந்து வந்துச்சோ, அதே வழியிலதான் இதுவும் போகும்.

வாயு அளக்கிறதும் வேதவாக்கு இல்லை. முதல் சில மணி நேரம் ஹைட்ரஜன் கரைசல்லேயே கரையும், கொஞ்சம் கசியும். கரைஞ்ச ஆக்ஸிஜனும் ஓரளவு எலெக்ட்ரானைத் தின்னும், அந்தப் பங்கு குமிழியில தெரியாது. அதனால முடிவுல எடை இழப்பையும் பாருங்க. அதுக்குத் துருவைக் கழுவ குரோமிக் அமிலம் வேணும், அது புற்றுநோய் உண்டாக்கும் சமாச்சாரம். ஃபியூம் ஹூட் இல்லாம தொடாதீங்க, சிங்க்ல ஊத்தாதீங்க. அப்புறம், சின்ன பீக்கர் உங்களை ஏமாத்தும். மேக்னீசியம் கரையக் கரைய தண்ணியோட பி.எச். 10-க்கு மேல ஏறி, ஹைட்ராக்சைடு படிஞ்சு அரிமானம் தானா அடங்கும். நீங்க உங்க ப்ராசஸால அடங்குச்சுன்னு நினைப்பீங்க. சதுர செ.மீ.க்குக் குறைஞ்சது 20 மி.லி. கரைசலாவது வேணும், அதிகமா இருந்தா இன்னும் நல்லது. உடம்புல ரத்தம் பி.எச்.சை 7.4-லேயே பிடிச்சு வெச்சிருக்கும், அந்தச் சலுகை அங்க கிடைக்காது. உப்புத் தண்ணி முடிவை வெச்சு உடம்பைப் பத்திப் பேசுறதும் தப்புதான். அங்க பாஸ்பேட், கார்பனேட், புரதம் எல்லாம் வேற விளையாட்டு விளையாடும். அதனால அந்த முன்னுரை வரியையே எடுத்துட்டோம்.

ரிப்போர்ட்டை மாத்தி எழுதினோம். தலைப்புல இருந்த 'மேம்பட்ட' என்கிற சொல் போச்சு. டேபிள்ல அஞ்சாவது சாம்பிள் திரும்ப வந்துச்சு, பக்கத்துலேயே எமரி ஷீட் சமாச்சாரமும் கறுப்பு வட்டத்தோட போட்டோவும். கான்ஃபரன்ஸ் அப்ஸ்ட்ராக்ட்டை வாபஸ் வாங்கினோம், கட்டின பீஸ் வராது. கைடு முழுசையும் படிச்சுட்டு ரெண்டு நிமிஷம் பேசல. 'வைவால இதைத்தான் நோண்டுவாங்க. பதில் வெச்சுக்கோங்க'ன்னார். வைவா அடுத்த வாரம். ரிசல்ட் நெகட்டிவ்னு மார்க் குறையும்னு டீம்ல ஒருத்தனுக்கு இன்னும் கோபம் இருக்கு. அவனுக்கு ப்ளேஸ்மென்ட் இன்னும் ஆகல, அவன் கோபத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன்.

மேக்னீசியத்துல ப்ராஜெக்ட் எடுக்கப் போற தேர்ட் இயர் பசங்களுக்கு: எங்க புனலும் ப்யூரெட்டும் மெட்டலர்ஜி லேப்ல, ஜன்னல் பக்க அலமாரியில ரெண்டாவது தட்டுல இருக்கு. அண்ணன்கிட்ட சொல்லிட்டு எடுத்துக்கங்க. ப்யூரெட் குழாய்த் திருகுல லேசா கசியும், எங்க முதல் ரெண்டு நாள் ரீடிங் அதனாலதான் வீணாச்சு. வாசலின் தடவிட்டு, கரைசலை நிரப்பி ஒரு ராத்திரி சும்மா வெச்சு மட்டம் இறங்குதான்னு பாருங்க. பக்கத்துல ஒரு புது எமரி ஷீட் பாக்கெட் இருக்கும். மேல மார்க்கர்ல 'மேக்னீசியத்துக்கு மட்டும்'னு எழுதியிருக்கோம். தயவுசெஞ்சு அதுல ஸ்டீலைத் தேய்க்காதீங்க.